பாகத்திற்குப் பணமுண்டு, பழுதைத் தேடக் கூலியில்லையா?

பழைய சரக்கு வண்டி வைத்திருக்கும் சங்கங்களின் ரிப்பேர்ச் செலவுச் சீட்டுகளைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஒரு விஷயம் எளிதில் புலனாகும். பேட்டரி வாங்கியதற்குச் சீட்டு உண்டு. செல்ப் மோட்டாருக்குக் காயில் கட்டியதற்கு உண்டு. ஆல்டர்னேட்டர் மாற்றியதற்கும் உண்டு. பழுது எங்கே இருக்கிறது என்று தேடியதற்கு மட்டும் சீட்டு இராது. சங்கப் பணம் இவ்வகையில் வீணாவதற்கு இந்த ஒரு சீட்டு இல்லாமையே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

திருக்கோவிலூர் வட்டாரத்தில் நூல் சிப்பங்களை நெசவாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கவும், கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளியும் புளியும் இறக்கவும் பழைய பிக்கப் வண்டிகளும், 1986-ல் முதன்முதலாக வெளிவந்த டாடா 407 போன்ற சிறு லாரிகளும் உழைத்து வருகின்றன. இவை வெள்ளிமலைப் பாதையில் இரவில் விளக்கணைந்து நின்றுவிட்டால் நஷ்டம் வண்டியோடு முடிவதில்லை. விளைபொருள் சந்தை தவறுகிறது. தறி நூலின்றி நிற்கிறது. ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவ்வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளில் பலவற்றிற்கு மூலம் எர்த் இணைப்பு. வீட்டு எர்த் என்பது ஆபத்துக் காப்பு. வண்டியின் எர்த் அஃதன்று. பேட்டரியிலிருந்து விளக்கிற்கோ மோட்டாருக்கோ மின்சாரம் போவதற்கு ஒரு வயர் உண்டு. திரும்பி வருவதற்குத் தனி வயர் பெரும்பாலும் இல்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழி. நாடா ஒரு பக்கம் போய்த் திரும்பாவிடில் நெசவு நிற்பதுபோல், இவ்வழி அடைபட்டால் நல்ல பேட்டரியும் பயன்படாது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனைச் சேஸிஸுடன் இணைக்க ஒரு கம்பிப் பட்டை இருக்கிறது. கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இவ்வாறே இணைப்புகள் உண்டு. துருவும் பெயிண்ட்டும் சேறும் இவற்றின் சத்துருக்கள்.

சிறு கணக்கொன்று பார்ப்போம். டீசல் வண்டியின் செல்ப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். எர்த் பட்டையில் 0.01 ஓம் தடை ஏற்பட்டால், 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதே பட்டை வழியாக 5 ஆம்பியர் இழுக்கும் 60 வாட் முகப்பு விளக்கு எரியும்போது நஷ்டம் 0.05 வோல்ட்தான். ஆகவே, 'விளக்குப் பிரகாசமாக எரிகிறது, எர்த் சரியாகத்தான் இருக்கிறது' என்னும் வாதம் செல்லாது.

அறிகுறிகள் ஓட்டுநருக்கே தெரியும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும். ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். செல்ப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கம்பி சூடேறும். நேர்வழி அடைபட்ட மின்சாரம் அந்தக் கம்பியைப் பற்றித் திரும்புகிறது என்பதே அதன் பொருள்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பர் 2 அன்று, பெஞ்சல் புயல் மழையினால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வெள்ளநீரில் நின்ற வண்டி கழுவி உலர்த்தியவுடன் ஓடினாலும், இணைப்புகளுக்குள் தங்கிய வண்டலும் ஈரமும் செம்பைப் பல மாதங்கள் அரித்துக்கொண்டேயிருக்கும். பின்னர்த் தோன்றும் கோளாறை வெள்ளத்தோடு எவரும் சம்பந்தப்படுத்திப் பார்ப்பதில்லை.

சோதிக்கும் முறை கடினமன்று. சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி ஓடாது ஓய்ந்திருக்கையில், முழுதும் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடுகையில் சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இவ்விரண்டும் சரியாயிருந்தும் கோளாறு நீடித்தால், வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முளையிலும் மறுமுனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, ஒருவர் செல்ப் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது அந்த வழியில் இருக்கிறது. விளக்கு மங்கினால், அதனை எரியவிட்டு அதன் எர்த் முனையில் இவ்வாறே பார்க்கலாம்; அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மின்சாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஒரே இழை மிஞ்சிய பட்டையும் சும்மா இருக்கையில் நல்ல பட்டைபோலவே தோன்றும். பழுது தெரிந்தபின், நெகடிவ் இணைப்பை முதலில் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடத் தேய்த்து, போல்ட்டை இறுக்கிக் கிரீஸ் பூசி, நெகடிவைக் கடைசியில் மாட்டினால் வேலை முடிந்தது.

இவ்வளவு எளிதாயின் மெக்கானிக்குகள் ஏன் இதைச் செய்வதில்லை? அவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. பேட்டரி மாற்றினால் அரைமணியில் கூலி கைக்கு வருகிறது. வண்டியடியில் படுத்து மூன்று மணி நேரம் தேடி ஒரு போல்ட்டை இறுக்கினால், 'போல்ட் இறுக்கியதற்கா இவ்வளவு?' என்று கேட்கிறோம். தேடுகிறவனுக்குக் கூலி மறுத்துவிட்டு, மாற்றுகிறவனுக்குப் பணம் கொடுத்தால், எவன் தேடுவான்?

'பாகமே வாங்காத செலவைத் தணிக்கையில் எப்படிக் காட்டுவது?' என்று காரியதரிசிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. தேதி, சோதித்த இடம், வேலைக்கு முன் கண்ட வோல்ட், பின் கண்ட வோல்ட், செய்தவர் கையொப்பம் ஆகியவை அடங்கிய அரைப்பக்கக் குறிப்பு, புதுப் பேட்டரியின் பில்லைக் காட்டிலும் வலுவான ஆதாரம். பேட்டரி வாங்கப்பட்டது என்பதைத்தான் பில் காட்டும்; அது தேவைதானா என்பதைக் காட்டாது.

ஆபத்தான பழக்கம் ஒன்றையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். பியூஸ் போவது, எங்கோ வயர் உரசி இரும்பைத் தொடுகிறது என்பதற்கு எச்சரிக்கை. எச்சரிக்கையை வாயடைத்தால், பியூஸுக்குப் பதிலாக வயரே எரியும். மேலே நூல் சிப்பம் இருந்தால் பின் நேர்வதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆதலின் வண்டியுள்ள ஒவ்வொரு சங்கமும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்ற வேண்டுகிறேன். ஒன்று, அளவுக் குறிப்பு இல்லாமல் எந்த மின்சாரப் பாகமும் மாற்ற அனுமதிப்பதில்லை. இரண்டு, பழுது தேடும் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி நிர்ணயித்துக் கொடுப்பது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவற்றைக் கேட்க வேண்டும். வண்டி சங்கத்துடையது, வீணாகும் பணம் உங்களுடையது.