பந்து திரும்புவது எப்படி?



நம் சங்கம் சனிக்கிழமைதோறும் நடத்தும் கணிப்பொறி வகுப்பைக் குறித்து நம்மிடையே இரண்டு கட்சிகள் தோன்றியிருக்கின்றன. இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள், அவ்வகுப்புக்கு வருகிறார்கள். ஸ்க்ராச் என்னும் மென்பொருளைக் கொண்டு சிறுசிறு விளையாட்டுகள் அமைக்க அவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். ஓடும் பந்து திரையின் ஓரத்தை எட்டியதும் திரும்ப வேண்டும். அதற்கென ஆயத்தமாக உள்ள கட்டளையைக் கையில் கொடுத்துவிட்டு மேலே செல்வதா, அல்லது திருப்பும் வழியைப் பிள்ளைகளே ஆக்கிப் பார்க்கச் செய்வதா? இதுதான் வழக்கு. இதற்கும் ஒரு வழக்கா என்று சிலர் நகைக்கலாம். எனக்கு இது சிறியதாகத் தோன்றவில்லை. அடுத்த பருவத்தின் பாடத்திட்டத்தை வகுக்கும் வேளை இது. ஆதலின் என் கருத்தை ஒளிவு மறைவின்றி எழுதுகிறேன்.

அறியாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். ஸ்க்ராச்சை உருவாக்கியது அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிச்சல் ரெஸ்னிக் நடத்திய ஆய்வுக் குழு. அது பொதுமக்களுக்கு வெளியானது 2007-ஆம் ஆண்டில். அதில் நிரலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்குவதுபோல், கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் போதும். விளையாட்டு நடக்கும் பரப்புக்கு மேடை என்று பெயர். அதன் அகலம் 480 அலகு. உயரம் 360 அலகு. நடுப்புள்ளியில் எக்ஸ், ஒய் இரண்டும் சுழி. வலக்கோடியில் எக்ஸ் 240, இடக்கோடியில் −240. மேற்கோடியில் ஒய் 180, கீழ்க்கோடியில் −180.

இம்மேடையின் ஓரத்தை அறிய மூன்று வழிகள் உண்டு. 'ஓரத்தில் இருந்தால் திரும்பு' என்ற பொருளுடைய ஆயத்தக் கட்டை ஒன்று. 'ஓரத்தைத் தொடுகிறதா?' என்று வினவி, ஆம் அல்லது இல்லை என்ற விடை பெறும் கட்டை மற்றொன்று. மூன்றாவது வழி, பந்தின் எக்ஸ், ஒய் மதிப்புகளை நாமே எடுத்து ஓரத்தின் எண்ணோடு ஒப்பிடுவது.

முதல் வழியே போதும் என்பவர்கள் கூறும் காரணம் எளியது. பிள்ளைகளுக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு மணி நேரம். தொடக்கத்திலேயே கணக்கைக் காட்டி மிரட்டினால் மறுவாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். பந்து ஓடித் திரும்பும் காட்சியைக் கண்டு அவர்கள் முதலில் மகிழட்டும். நுட்பம் பின்னால் வரும். இதில் உண்மை இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் 'பின்னால்' எந்த வாரம்? நம் பாடத்திட்டத்தில் அந்த வாரத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

அதனால் விளையும் கேடு என்ன? ஆயத்தக் கட்டை எல்லாச் சுவர்களையும் ஒன்றாகவே நடத்தும். அடாரி நிறுவனம் 1972-இல் வெளியிட்ட பாங் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். மேலும் கீழும் மோதும் பந்து திரும்புகிறது. இடமோ வலமோ கடந்த பந்தோ எதிராளிக்குப் புள்ளியாகிறது. அவ்விளையாட்டை அமைக்க விரும்பும் சிறுவனுக்கு ஆயத்தக் கட்டை உதவாது. 'தொடுகிறதா?' என்ற கட்டையும் உதவாது. தொட்டது என்று சொல்லும், எந்தச் சுவரை என்று சொல்லாது. எக்ஸ் மதிப்பைப் பார்க்கத் தெரிந்தவனே அங்கு வெல்வான்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அண்ணா, சுவர் 240-லதானே இருக்கு? பந்து ஏன் 220-லயே திரும்புது?" அவள் எக்ஸ் மதிப்பைத் திரையில் தோன்றச் செய்து, பந்து ஓடும்போது அதையே கவனித்திருக்கிறாள். நான் விடை சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருந்த கேரம் பலகையைக் காட்டினேன். ஸ்டிரைக்கர் சட்டத்தில் மோதும்போது அதன் நடுப்புள்ளியா சட்டத்தைத் தொடுகிறது? விளிம்பன்றோ தொடுகிறது! சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "பந்து 40 அகலம், அதுல பாதி 20" என்றாள். நடுப்புள்ளியின் இடத்தைத்தான் எக்ஸ் சொல்கிறது என்பதை அவளே கண்டுகொண்டாள். ஆயத்தக் கட்டை இந்தக் கழித்தலைத் தானே செய்து முடித்துவிடுவதால், கழித்தல் ஒன்று நடந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

திசையும் அப்படியே. ஸ்க்ராச்சில் மேல்நோக்கிய திசை 0, வலம் 90, கீழ் 180, இடம் −90. அறுபது பாகையில் செல்லும் பந்து வலச்சுவரில் மோதினால் அதன் புதிய திசை −60. அதே பந்து மேற்சுவரில் மோதினால், 180-இல் 60 போக, 120. கண்ணாடியில் ஒளி திரும்பும் விதியை அறிவியல் பாடத்தில் உருப்போடும் பிள்ளை, இங்கு அதைத் தன் கையால் இயக்கிப் பார்க்கிறது. இதைவிட நல்ல பாடம் எது?

இனி, எண்ணை ஒப்பிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. ஒவ்வொரு மோதலிலும் வேகம் பாதியாகும் பந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 220-ஐத் தாண்டினால் வேகத்தைத் திருப்பிப் பாதியாக்கு என்பது கட்டளை. பந்து 213-இல் இருக்கிறது, வேகம் 15. அடுத்த அடியில் 228. தாண்டிவிட்டது, வேகம் −7.5 ஆகிறது. அடுத்த அடியில் 220.5. இன்னும் தாண்டிய நிலைதான்! கட்டளை மீண்டும் வேகத்தைத் திருப்புகிறது, பந்து 224.25-க்குப் போகிறது. இப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்குமேயன்றி அது திரும்பி வராது. மருந்து ஒரே வரிதான்: திருப்புவதற்கு முன் பந்தை 220-இல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு −7.5 வேகத்தில் அது 212.5-க்கு வந்துவிடும். இந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை, பிழை என்பது அஞ்சத்தக்க ஒன்றன்று, ஆராயத்தக்க ஒன்று என்பதை உணர்கிறது. இதைச் சொற்பொழிவால் கற்பிக்க நம்மால் இயலாது.

மேலும், ஓரத்தில் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று யார் விதித்தார்கள்? 1979-இல் அடாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் விளையாட்டில் ஒரு பக்கம் வெளியேறும் விண்கலம் மறுபக்கம் வழியாக உள்ளே வருகிறது. நிற்கலாம், திரும்பலாம், மறுபக்கம் தோன்றலாம், ஆட்டமே முடியலாம். எது என்பது விளையாட்டை ஆக்குபவரின் தீர்மானம். 'ஓரத்தில் இருந்தால் திரும்பு' என்ற கட்டையை மட்டுமே அறிந்த பிள்ளைக்குத் தீர்மானம் செய்ய ஒன்று இருந்தது என்பதே தெரியாமல் போகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். விளையாட்டுகளை விலைக்கு வாங்கி ஆடும் பிள்ளைகள் ஏராளம். ஆக்கவும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்றுதானே இவ்வகுப்பைத் தொடங்கினோம்? ஆக்குபவர் பிறர், அடுக்குபவர் நாம் என்ற நிலையில் அவர்களை விட்டுவிட நமக்கு மனம் வரலாமா?

எனவே என் வேண்டுகோள் இது. முதல் வாரம் ஆயத்தக் கட்டையையே கொடுப்போம். மகிழட்டும். பூனை உருவத்தை நடக்கவிட்டால், ஓரத்தில் திரும்பியதும் அது தலைகீழாக நடக்கும். கட்டை மாற்றுவது திசையை. திசையோடு படமும் சுழல்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள்; சிரித்தபின் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கைவிடாமல், மூன்றாம் வாரம் ஆயத்தக் கட்டையை அகற்றிவிட்டு, வலச்சுவர் ஒன்றை மட்டும் அவர்களையே அமைக்கச் செய்வோம். நான்காம் வாரம் மற்ற மூன்று சுவர்கள். ஐந்தாம் வாரம் பாங். கணக்கு வேண்டும் என்று அப்போது அவர்களே கேட்பார்கள். நாம் மிரட்ட வேண்டியிராது.

இதற்கு உழைப்பு கூடுதலாக வேண்டும் என்பது மெய். ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் சிறிது நேரம் அமர வேண்டும். இப்போது வரும் நான்கு பேர் போதாது, எட்டுப் பேராவது வேண்டும். இவ்விதழைப் படிக்கும் உங்களுள் இன்னும் நால்வர் சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வழக்கு தீர்ந்தது. கணிப்பொறியியல் பயில்பவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 240-இல் 20 போனால் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். வாருங்கள்.