மிட்டாய் மீது சுமத்திய பழி

"நீ கேக்கக் கேக்க வாங்கிக் குடுத்தே. ஒரு மாசமா ஜூஸு ஜூஸுன்னு குடிச்சாளே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

ஐசியூ வாசலில் என் அக்காவிடம் அவளுடைய மாமியார் கேட்ட கேள்வி இது. உள்ளே ஒன்பது வயது மகள், ஓடி வந்தவள்போல் பெருமூச்சு வாங்கியபடி, நினைவு தப்பிக் கிடந்தாள். ரத்தச் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. நாங்கள் அத்தை என்று கூப்பிடும் அந்த மாமியார் கெட்டவர் இல்லை. பயத்தில் கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அவளும் அதையேதான் நம்பினாள்.

ஆறு வருடங்களாக அக்காவோடும் அவள் மகளோடும் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து வருகிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தக் கேள்வியை யாராவது கேட்கிறார்கள். பெரும்பாலும் தாயிடம்தான். பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வந்தால் இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தது அவள் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவிலிருந்தே மற்றவையும் கிளைக்கின்றன. ஊசி போட ஆரம்பித்தால் அதற்கு அடிமையாகிவிடுவாள், நாட்டு மருந்தில் குணமாகும், வெளியே சொன்னால் கல்யாணம் நடக்காது. ஒவ்வொன்றையும் மறுக்கக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த இனிப்பு. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகைச் சர்க்கரை நோய், அதாவது டைப் ஒன். தாத்தாவுக்கு ஐம்பது வயதில் வந்தது இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். டைப் ஒன்னில், கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடலின் பாதுகாப்பு அணுக்களே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கின்றன. இது 1970-களிலேயே தெரிந்துவிட்ட செய்தி. இந்தத் தாக்குதல் நடப்பதற்கு அடையாளமான ஆன்டிபாடிகளை ரத்தத்தில் பார்க்கலாம். அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நான்கு நாடுகளில் 'டெடி' என்ற ஆய்வு, மரபுவழி ஆபத்துள்ள 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தது. பல குழந்தைகளிடம் முதல் ஆன்டிபாடி தென்பட்ட வயது எது தெரியுமா? ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். கடைக்குப் போய் மிட்டாய் கேட்கத் தெரியாத வயது. நோய் வெளியே தெரிவதற்குப் பல மாதங்கள், பல சமயம் பல வருடங்கள் முன்பே உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது.

உலகிலேயே டைப் ஒன் மிக அதிகமாக வருவது பின்லாந்தில். ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 50 பேருக்கும் மேல். எல்லைக்கு அப்பால், ரஷ்யாவின் கரேலியாவில், ஏறத்தாழ அதே மரபுக்கூறு கொண்ட மக்களிடையே, அது ஆறில் ஒரு பங்காக இருந்தது. மரபு மட்டுமே காரணமல்ல என்பதற்கு இது சான்று. ஆய்வாளர்கள் கிருமித் தொற்றையும் வளரும் சூழலையும் துருவுகிறார்கள். குடலைத் தாக்கும் என்டரோவைரஸ்கள் மீது பல ஆய்வுகளின் சந்தேகம் விழுந்திருக்கிறது. இனிப்புப் பண்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் யாரும் ஏற்றவில்லை. நேர்மைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஆன்டிபாடி தோன்றிவிட்ட பிள்ளைகளிடம், சர்க்கரை நிறையச் சாப்பிடுவதற்கும் நோய் விரைவாக முற்றுவதற்கும் தொடர்பு தெரிவதாகக் கொலராடோவில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. அந்தத் தாக்குதலைத் தொடங்கிவைப்பதே சர்க்கரைதான் என்று அதுவும் சொல்லவில்லை.

இன்னொரு சான்று மருந்திலிருந்தே கிடைக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவில் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நோய் வரப்போகிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு, எட்டு வயதிலிருந்து கொடுக்கலாம் என்றது அந்த அனுமதி. சோதனையில் இது நோயைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. அது சாப்பாட்டைத் தொடுவதில்லை, சர்க்கரையைக் குறைப்பதும் இல்லை. தாக்கவரும் பாதுகாப்பு அணுக்களை அடக்குகிறது, அவ்வளவுதான். இனிப்பால் வந்த நோயாக இருந்தால் இந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

"அப்ப ஜூஸ் குடிச்சது?" என்று அத்தை கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவள் ஜூஸ் குடித்ததால் நோய் வரவில்லை. நோய் வந்ததால்தான் குடித்தாள். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் தேங்கும் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பிள்ளை ஓயாமல் மூத்திரம் போகிறாள், தொண்டை வறள்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் குடிக்கிறாள். ஒரு மாதம் கழித்து நோய் பெயரோடு வரும்போது, வீட்டார் நினைவில் அந்த ஜூஸ் பாட்டில் முன்னால் நிற்கிறது, நோய் பின்னால் நிற்கிறது. வரிசை தலைகீழாகிவிடுகிறது.

'சின்னப் பிள்ளைக்கெல்லாம் சர்க்கரை வராது' என்ற பேச்சு இதைவிட ஆபத்தானது. அக்காவின் மகளை முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுவலி, வாந்தி என்று மருந்து எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் போனது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தைக் குவிக்கும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு ஆழமாகும், வாயில் பழ வாடை அடிக்கும். அந்த நேரத்தில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். இத்தாலியின் பார்மா நகரில் 1991-இல் பள்ளிக்கூடங்களிலும் குழந்தை மருத்துவர்களிடமும் ஒரு சுவரொட்டியைக் கொண்டுசேர்த்தார்கள். படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால், அடங்காத தாகம் இருந்தால், சர்க்கரை பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்கு முன், புதிதாக நோய் கண்ட பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோன் நஞ்சேறித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அடுத்த ஆறு வருடங்களில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை, ஒரு சுவரொட்டிதான். நம் அங்கன்வாடிச் சுவர்களில் அதற்கு இடமில்லையா என்று அந்த எண்களைப் படித்த அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, 'ஊசிக்கு அடிமையாகிவிடுவாள்'. 1922-க்கு முன்னால் அடிமையாக ஊசியே இருக்கவில்லை. அப்போது பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் பட்டினி உணவால் அவர்களின் நாள்களைக் கொஞ்சம் நீட்டினார். அவரிடம் சிகிச்சை பெற்ற எலிசபெத் ஹியூஸ் என்ற பெண், 15 வயதை நெருங்கும்போது 20 கிலோ எடைதான் இருந்தாள். 1922 ஜனவரி 11-இல் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் காலிப் அதை இன்னும் தூய்மையாக்கிக் கொடுக்க, ஜனவரி 23-இல் மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. சாகக் கிடந்த பையன் இன்னும் 13 வருடம் வாழ்ந்தான். நம் எல்லோருக்கும் கணையம் ஒவ்வொரு வேளையும் சத்தமில்லாமல் இன்சுலினைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அதை வெளியிலிருந்து கொடுக்கிறோம். அது புரதம் என்பதால் விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

"டோஸ் ஏறிக்கிட்டே போகுதே, இது பழக்கமாயிட்டதுனாலதானே?" என்று அக்காவே ஒருநாள் கேட்டாள். மகள் அப்போது வயதுக்கு வந்த சமயம். அந்த வயதில் பெருகும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது, அதனால் எல்லா வளரிளம் பிள்ளைகளுக்கும் இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படுகிறது. கணையம் நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு அது தானாகச் சுரந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. டோஸைக் கூட்டாமல் விட்டால் பிள்ளையின் வளர்ச்சி தடைப்படலாம்.

'இன்சுலின் போட்டால் கிட்னி போகும், கண் போகும்' என்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில், 13 முதல் 39 வயது வரையிலான 1,441 டைப் ஒன் நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. ஒரு நாளைக்குப் பல ஊசி போட்டுச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் கண் பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது, சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தது. உறுப்பைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை.

நாட்டு மருந்து விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறாத கோபம் உள்ள இடம் இது.

ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் பல பிள்ளைகளிடம் ஓர் அதிசயம் நடக்கும். மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் ஓய்வு கிடைத்துத் தெளிந்து கொஞ்சம் சுரக்க ஆரம்பிக்கும். டோஸ் மளமளவென்று இறங்கும். மருத்துவர்கள் இதை ஹனிமூன் காலம் என்பார்கள். சில மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நீடிக்கும். பிறகு அந்தச் செல்களும் அழிந்துபோகும். அக்கா மகளுக்கு மூன்றாம் மாதத்தில் நாளுக்கு நான்கு யூனிட் போதும் என்ற நிலை வந்தது. சரியாக அந்த வாரம்தான் எங்கள் சித்தப்பா ஒரு சூரணப் பொட்டலத்தோடு வந்தார். "ஊசிய நிறுத்திட்டு இதைக் குடு, நாப்பத்தெட்டு நாள்ல குணம்னு சொல்றாரு" என்றார். அக்கா சூரணத்தை வாங்கினாள், ஊசியை நிறுத்தவில்லை. வார்டில் இருந்த நர்ஸ் அக்கா ஒருவர், இப்படி யாராவது வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். மண்டலம் முடிந்தும் சூரணத்தைத் தொடர்ந்தார்கள். எட்டாம் மாதம், சூரணம் ஒருநாளும் தவறாத அதே வீட்டில், டோஸ் மறுபடி ஏறியது. நடுவில் ஊசியை நிறுத்தியிருந்தால் அந்த நல்ல நாள்களின் பெருமையெல்லாம் பொட்டலத்துக்குப் போயிருக்கும். எங்களோடு அதே வார்டில் இருந்த ஒரு பையன் வீட்டில் நிறுத்தினார்கள். அவன் திரும்பி வந்தபோது நினைவில்லை. வீட்டுக்குப் போகவும் இல்லை.

சிறுகுறிஞ்சானையும் வெந்தயத்தையும் நான் இழிவாகப் பேசவில்லை. இன்சுலின் சுரக்கும் உடலில் அவை ஏதாவது உதவலாம். சுரக்கும் செல்லே இல்லாத உடலில் எப்படி உதவும்?

ஊசியே வேண்டாத பிள்ளைகளும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வரும் குழந்தைகளில் பலருக்கு நோய் வேறு. 2004-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு, ஒற்றை மரபணுப் பிழைதான் காரணம் என்று கண்டுபிடித்தது. அந்தப் பிழையில் பீட்டா செல்கள் சாகவில்லை, பூட்டிக் கிடக்கின்றன. 2006-இல் வெளியான முடிவின்படி, அப்படிப்பட்ட 49 பேரில் 44 பேர் கிளிபென்கிளமைடு என்ற பழைய, மலிவான மாத்திரைக்கு மாறி இன்சுலினை நிறுத்தினார்கள். சென்னையிலும் இந்த மரபணுப் பரிசோதனை உண்டு. ஆறு மாதத்துக்குள் நோய் வந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஊசியை நிறுத்தச் சரியான வழி அந்தப் பரிசோதனைத் தாள்தான்.

வாழ்க்கை முறையோடு தொடர்புள்ள டைப் டூ பிள்ளைகளுக்கும் வருகிறது, குறிப்பாக வயதுக்கு வரும் பருவத்தில். உடல் பருமன், ஓடியாடாத நாள்கள், பெற்றோருக்கு உள்ள நோய் எல்லாம் அதில் சேரும். கழுத்தின் பின்புறம் வெல்வெட்போலக் கறுத்திருப்பதை அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். இந்த வகையை 'லேசான சர்க்கரை' என்று நினைப்பதும் தவறு. 10 முதல் 17 வயது வரையிலான 699 பேரிடம் அமெரிக்காவில் நடந்த 'டுடே' ஆய்வில், மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அது காலப்போக்கில் போதாமல் போனது. இங்கும் பிள்ளையைத் திட்டி யாரும் எடையைக் குறைத்ததில்லை.

கடைசியாக, "வெளிய சொல்லாதீங்க, பொம்பளப் புள்ள" என்று அத்தை வார்டில் சொன்னது. டைப் ஒன் உள்ள தாயின் பிள்ளைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு. தகப்பனுக்கு இருந்தால் அதைவிடச் சற்று அதிகம், ஆறு போல. பெண்ணைப் பெற்றவர்கள்தான் மறைக்கிறார்கள், எண்களோ வேறு மாதிரி இருக்கின்றன. 20 கிலோ எலிசபெத் ஹியூஸ் இன்சுலின் கிடைத்தபின் கல்லூரிக்குப் போனாள், மணந்துகொண்டாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள், 73 வயது வரை வாழ்ந்து 1981-இல் இறந்தாள்.

நாங்களும் இரண்டு வருடம் மறைத்தோம். பள்ளியில் யாருக்கும் தெரியாது. மதிய ஊசியைக் கழிவறையில் போட்டுக்கொண்டாள். பல நாள் போடாமலே வந்தாள். ஒருநாள் டிரில் பீரியடில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டாள். நடிக்கிறாள் என்று டீச்சர் நினைத்தார். தப்பு டீச்சருடையது அல்ல, அவருக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். தேர்வு அறைக்குள் தின்பண்டம் எடுத்துப்போக இந்தப் பிள்ளைகளுக்கு சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதி கொடுத்தது. நோயைச் சொல்லாத பிள்ளைக்கு அந்த அனுமதி எப்படிக் கிடைக்கும்?

மறுநாள் அக்கா பள்ளிக்குப் போய் வகுப்பு முழுவதற்கும் சொன்னாள். சர்க்கரை லோ ஆனால், அதாவது இறங்கினால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மிட்டாய், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்காரும் தோழி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பென்சில் பாக்ஸில் எப்போதும் நாலைந்து மிட்டாய் இருக்கிறது. தீர்ந்துபோனால் வாங்கிக் கொடுத்துவிடுவது அத்தைதான்.