கோடை கற்பிக்கும் பாடம்

கோடை விடுமுறை ஊர் சுற்றுவதற்கு மட்டும் உரியதன்று. கைத்தொழில் கற்பதற்கும் உரியது.

பாலக்காட்டிலிருந்து இடுக்கி மாவட்டத்து மறையூருக்குச் செல்லும் இளந்தம்பதியர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாற்றில் மீண்டும் கேரளத்திற்குள் நுழைவர். மழை மறைவுப் பகுதியாகிய மறையூரில் கரும்பு செழித்து வளர்கிறது. உழவர்கள் அதன் சாற்றைக் காய்ச்சி, கையாலேயே வெல்லத்தை உருண்டை பிடிக்கின்றனர். அவ்வெல்லம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அருகிலுள்ள காந்தளூரில் பூண்டும் ஆப்பிளும் விளைகின்றன.

இவற்றைக் கண்டு திரும்பும் தம்பதியர், தம் வீட்டிலும் கீரைப்பாத்தி அமைக்கலாம். மாடியில் வடகமும் மோர்மிளகாயும் உலர்த்தலாம். “இவையெல்லாம் கடையில் எளிதாகக் கிடைக்குமே!” என்பர் சிலர். உண்மைதான். ஆயினும், கடையில் பொருள் கிடைக்கும். அதைச் செய்யும் திறன் கிடைக்காது. பாத்தி, நாற்று, பாகு, பதம் போன்ற சொற்கள், அவ்வேலைகள் நடக்கும் வீட்டிலேயே நிலைத்து வாழும். வேலை நின்றால் சொல்லும் மறையும்.

பிற மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுத்தைக் கற்பிக்கும். அந்த எழுத்துக்கு உயிரூட்டுபவை தோட்டமும் அடுக்களையுமே. ஆதலால், கோடையில் ஒரு விதையேனும் ஊன்றுவது நன்று.