மருந்துச் சாளரத்தில் நடைபெற வேண்டிய தேர்வு

ஹாலிஎலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயொருத்திக்கு விரல் மூட்டுகளில் வாத நோய் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் மெதொட்ரெக்சேற் மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். கிழமைக்கு ஒருமுறை மட்டுமே அருந்த வேண்டிய மருந்து அது. தவறி நாள்தோறும் அருந்தினால் வாய் புண்ணாகும். எலும்பு மச்சை பழுதுறும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தாய் வீடு திரும்புமுன் அவளை எச்சரிக்கக்கூடிய கடைசி மனிதர் யார்? மருந்துச் சாளரத்தில் நிற்கும் மருந்தாளரே.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு மருந்தை அளித்து உதவுபவரையும் ஒரு கூறாக வைத்தார். அந்த நான்காம் கூறு பழுதானால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும்.

இத்தகைய பொறுப்புக்கு உரியவரை நாம் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்? மருந்தாளர் பதிவுக்கு மருத்துவக் கட்டளைச் சட்டம் உண்டு. மருந்தகங்களைக் கட்டுப்படுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உண்டு. தேர்வுகளும் உண்டு. அவை யாவும் வேண்டியவையே. ஆயினும், தேர்வு மண்டபத்தில் விடை எழுதுவது வேறு. நூறு பேர் வரிசையில் நிற்க, வைத்தியரின் கையெழுத்திலுள்ள பிழையைக் கண்டு தடுத்து நிறுத்துவது வேறு.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர் 1990இல் திறமையை நான்கு படிகளாக வகுத்தார்: அறிதல், எவ்வாறென்று அறிதல், செய்துகாட்டுதல், நாளாந்தப் பணியில் செய்தல். உச்சப்படி நான்காவதே. வெலிமடை விவசாயிக்கு இது புதுமையன்று. விதைக்கிழங்கின் தரத்தை மூட்டையில் ஒட்டிய சீட்டைக் கொண்டா அவர் முடிவு செய்கிறார்? மண்ணில் இட்டு, முளைப்பைக் கண்டல்லவா முடிவு செய்கிறார்!

ஆகவே, பயிலும் மருந்தாளரைப் பணியிடத்திலேயே சோதிக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் அருகில் நின்று பதினைந்து இருபது நிமிடம் அவதானித்தால் போதும். நோயாளி வேறு என்ன மருந்து அருந்துகிறார் என்று பயிலுநர் கேட்டாரா? கர்ப்பமா, ஒவ்வாமை உண்டா என்று வினவினாரா? சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்தாரா? ஐயம் எழுந்தபோது வைத்தியரிடம் கேட்கத் துணிந்தாரா? அவதானித்தவர் குறையையும் நிறையையும் அன்றே எடுத்துரைக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவரிட்ட புள்ளியை நம்பலாகாது. பல நாட்கள், பல நோயாளர், பல மதிப்பீட்டாளர் வேண்டும். பாராமல் இடும் கையொப்பம் சான்றாகாது, அது பொய்ச்சாட்சியே.

ஆட்பற்றாக்குறையில் இதற்கு நேரமேது என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் பிழையான மருந்தால் விடுதியில் வீழ்ந்த நோயாளிக்குச் செலவாகும் நேரத்தை இவர்கள் கணக்கிட்டதுண்டா?

இனி மொழிக்கு வருவோம். ஹாலிஎல பிரதேச செயலாளர் பிரிவு 1999ஆம் ஆண்டில் இருமொழி நிருவாகப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பிரகடனம் வர்த்தமானியோடு நின்றுவிடலாமா? 'கிழமைக்கு ஒருமுறை' என்ற இரு சொற்கள் தாய்மொழியில் செவிக்கு எட்டாவிடின், மாத்திரை உறையில் எழுதியது எதுவாயினும் அத்தாய்க்கு என்ன பயன்? விடியலில் பிரட்டுக்கு ஓடுபவளிடம் 'காலை உணவுக்குப் பின்' என்றால், அவள் காலையில் எப்போது உண்கிறாள் என்று முதலில் கேட்டறிய வேண்டாமா? இது உபசாரமன்று, மருத்துவத் திறமை. சிங்களப் பயிலுநர் தமிழிலும், தமிழ்ப் பயிலுநர் சிங்களத்திலும் மருந்தை விளக்கத் தெரிந்தவரா என்று பார்ப்பது எவருக்கும் எதிரானதன்று. இரு இனத்து நோயாளரையும் காப்பது.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் உடல்நலம் துரைமாரின் இலாபக் கணக்கில் ஒரு வரியாக இருந்தது. இன்று அவர் குடிமகன். நலம் அவரது உரிமை. எனவே நாம் கோருவது இதுவே: ஊவாவில் பயிலும் ஒவ்வொரு மருந்தாளரும் மருந்துச் சாளரத்தில், நோயாளியின் முன்னிலையில், நோயாளியின் மொழியில் சோதிக்கப்படட்டும். அதில் தேறியவர் கையால் வரும் மருந்தையே நம் மக்கள் அச்சமின்றி அருந்த முடியும்.