எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய இங்கிலாந்து

2012 ஜனவரி 11. லண்டனில் நடந்த 'பெட்' கல்வித் தொழில்நுட்பக் கண்காட்சியில் இங்கிலாந்தின் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பேசினார். சலித்துப்போன ஆசிரியர்கள் சலித்துப்போன மாணவர்களுக்கு வேர்டும் எக்செல்லும் சொல்லிக்கொடுக்கிற பாடம் என்று ஐ.சி.டி.யைக் கிண்டலடித்தார். அந்த செப்டம்பர் முதல் அதன் பாடத்திட்டம் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்றும் அறிவித்தார். பலரும் கைதட்டி வரவேற்றார்கள்.

சுமார் பதினான்கு வருடங்கள் கழித்து, 2025 நவம்பரில், அதே நாட்டின் அரசு இன்னொரு முடிவைச் சொன்னது. ஐ.சி.டி.யின் நாற்காலியில் உட்கார வைத்த கணினி அறிவியல் தேர்வையும் எடுத்துவிட்டு, அதைவிட விரிவான 'கம்ப்யூட்டிங்' தேர்வைக் கொண்டுவரப் போகிறார்களாம். பேராசிரியர் பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் பரிந்துரை அது.

சரி, தப்பைத் திருத்திக்கொண்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் இடையில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள்? அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சின்ன விளக்கம். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு ஜி.சி.எஸ்.இ. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, இலங்கையின் சாதாரண தரம் மாதிரி. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் தனிச் சான்றிதழ். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்றவை கட்டாயம். மற்றதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம், பள்ளியில் அந்தப் பாடம் இருந்தால்! அப்படி எடுக்கக்கூடிய பாடங்களில் ஒன்றாக இருந்ததுதான் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம், அதாவது ஐ.சி.டி.

பாடம் மோசமா?

பல பள்ளிகளில் மோசமாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஏற்கெனவே தெரிந்த பவர்பாயிண்ட்டைத் திரும்பத் திரும்பச் செய்வது, செய்ததைத் திரைப்படம் பிடித்துக் கோப்பில் ஒட்டுவது, இப்படியே இரண்டு வருடம் ஓடியது என்று சொன்னவர்கள் ஏராளம். 2011 ஆகஸ்டில் எடின்பரோவில் பேசிய கூகுளின் எரிக் ஷ்மிட், பிரிட்டிஷ் பள்ளிகளில் கணினி அறிவியல் வழக்கமான பாடமாகவே இல்லையா என்று வியந்ததும் நியாயம்தான்.

ஆனால் ஏன் மோசமானது என்ற கேள்வியை யாரும் சரியாகக் கேட்கவில்லை. அங்கே பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் அட்டவணை ஒன்று ஆண்டுதோறும் வெளியாகும். ஜி.என்.வி.க்யூ. என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் ஒன்று, 2007-ல் நிறுத்தப்படும் வரை, அந்த அட்டவணையில் நான்கு ஜி.சி.எஸ்.இ.க்குச் சமம்! கணக்கும் வரலாறும் தலைக்கு ஒன்று, இது மட்டும் நான்கு. தலைமையாசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளை மொத்தமாக அதில் சேர்த்தார். அது போனதும் அதே வழியில் வேறு சான்றிதழ்கள் வந்தன. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பாடம் அல்ல, பள்ளிக்குக் கிடைத்தது புள்ளி.

இந்த நோய்க்கு மருந்தும் வந்தது. அலிசன் உல்ஃப் 2011-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 2014 அட்டவணையிலிருந்து எந்தச் சான்றிதழும் ஒன்றுக்கு மேல் எண்ணப்படாது என்று விதி மாறியது. அதோடு நிறுத்தி, பாடத்தைச் செப்பனிட்டிருக்கலாம். செய்தார்களா? இல்லை.

மூன்றில் ஒன்று

இதில் கவனிக்க வேண்டியது, ராயல் சொசைட்டி 2012 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை. ஐ.சி.டி. என்ற ஒற்றைப் பெயருக்குள் மூன்று விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன என்றது அது. டிஜிட்டல் எழுத்தறிவு ஒன்று, தகவல் தொழில்நுட்பம் இரண்டு, கணினி அறிவியல் மூன்று. மூன்றையும் பிரித்து அறியுங்கள் என்றார்கள். மற்ற இரண்டையும் தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை.

2014 செப்டம்பரில் வந்த புதிய 'கம்ப்யூட்டிங்' பாடத்திட்டத்திலும் காகிதத்தில் மூன்றும் இருந்தன. ஆனால் பள்ளிகளை ஆட்டுவிப்பது பாடத்திட்டமா, தேர்வா? கணினி அறிவியலை ஈபேக் என்னும் முக்கியப் பாடங்களின் பட்டியலில் சேர்ப்பதாக 2013-லேயே அறிவித்துவிட்டார்கள். ஐ.சி.டி. தேர்வை அடியோடு நிறுத்துவதாக 2015-ல் முடிவானது. 2018-தான் அதற்குக் கடைசி வருடம். மிச்சமிருந்தவை சில தொழிற்கல்விச் சான்றிதழ்கள். அவை உண்டு, ஆனால் மதிப்பில் எப்போதும் இரண்டாம் பந்திதான்.

கணினி அறிவியல் நல்ல பாடம். இரும எண்கள், தர்க்கக் கதவுகள், வரிசைப்படுத்தும் வழிமுறைகள், பைத்தான் எல்லாம் இருக்கின்றன. ஆர்வமுள்ளவருக்கு விருந்து. ஆனால் கணக்குப் பதிவாளராகவோ செவிலியராகவோ கடைக்காரராகவோ ஆகப்போகிற பிள்ளைக்கு? இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறிவியலை எடுத்துவிட்டால் சும்மா இருப்பார்களா? கணினியில் மட்டும் எப்படிச் சம்மதித்தார்கள்?

இன்னொரு வேடிக்கை. அந்தத் தேர்வில் மாணவர்கள் 20 மணி நேரம் நிரல் எழுதும் செயல்திட்டம் ஒன்று இருந்தது. அதன் விடைகள் இணையத்தில் கசிந்தன. உடனே 2018 ஜனவரியில் தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவால், அந்த மதிப்பெண் இனி தரத்தில் சேராது என்று சொல்லிவிட்டது. இன்று பெரும்பாலோர் எழுதும் ஓ.சி.ஆர்., ஏ.க்யூ.ஏ. வாரியங்களின் தேர்வு முழுக்கப் பேனாவும் காகிதமும்தான். நீச்சல் தேர்வைக் கரையில் வைத்து நடத்துவது என்பது இதுதான்!

காணாமல் போனவர்கள்

2017-ல் ராயல் சொசைட்டியே திரும்ப வந்து பார்த்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 54 சதவீதம் கணினி அறிவியல் ஜி.சி.எஸ்.இ.யைக் கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐ.சி.டி.யும் போயிற்று, கணினி அறிவியலும் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி பெண்களுக்கு. 2015-ல் ஐ.சி.டி. எழுதியவர்களில் 43 சதவீதம் மாணவிகள். 2023-ல் கணினி அறிவியல் எழுதியவர்களில் 21 சதவீதம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. பெண்களுக்குக் கணினி பிடிக்காது என்று இனியாவது யாரும் சொல்ல வேண்டாம். அவர்கள் வகுப்பில்தான் இருந்தார்கள். வகுப்பைத்தான் எடுத்துவிட்டார்கள்.

சரி, எந்த எலிக்காக வீட்டைக் கொளுத்தினார்களோ அந்த எலியாவது செத்ததா? அதுவும் இல்லை. ஈ.சி.டி.எல். என்றொரு சான்றிதழ். வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் பயன்படுத்தத் தெரியும் என்று சொல்லும் சான்றிதழ்தான். சில நாட்களில் முடித்துவிடலாம், அட்டவணையில் ஒரு ஜி.சி.எஸ்.இ.க்குச் சமம். 2016-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அதில் உட்கார வைத்தார்கள். 2018 அட்டவணையில்தான் அது நீக்கப்பட்டது. கோவ் கிண்டலடித்த அதே வேர்டும் எக்செல்லும்! இரண்டு வருடப் பாடமாக இருந்தபோது கேவலம், சில நாள் பயிற்சியானபோது புள்ளி.

பிறக்கும்போதே தெரியுமா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா, பிறக்கும்போதே போனோடு பிறக்கிறார்களே என்று ஒரு வாதம் உண்டு. போனைத் தேய்க்கத் தெரிவதும் ஒரு அட்டவணையை நம்பலாமா கூடாதா என்று கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போனது. காரணம், எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் சுமார் 65,000 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போகத் தாமதமானது. அங்கே குறைந்தது பைத்தான் அறிவா? இல்லை, தரவை எதில் வைப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்ற அறிவு. சலிப்பூட்டும் பாடம் என்று தூக்கிப் போட்டதன் உள்ளே இருக்க வேண்டியது அதுதான்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. அதே பிரிட்டனில் வட அயர்லாந்து 2017-லும் வேல்ஸ் 2021-லும் 'டிஜிட்டல் டெக்னாலஜி' என்ற ஜி.சி.எஸ்.இ.யைத் தொடங்கின. கணினி அறிவியலை வைத்துக்கொண்டே! இங்கிலாந்துக்கு மட்டும் ஒன்றைக் கொன்றால்தான் இன்னொன்று வாழும் என்ற பிடிவாதம்.

திருத்திய தேசியப் பாடத்திட்டம் 2028 செப்டம்பரில் வகுப்பறைக்கு வரும் என்பது திட்டம். அதையொட்டி வரும் புதிய தேர்வு உருப்பட வேண்டுமானால் சில விஷயங்கள் நடக்க வேண்டும். கணினித் தேர்வைக் கணினியில் நடத்த வேண்டும். ஆசிரியரைத் தயார் செய்துவிட்டுப் பாடத்தை மாற்ற வேண்டும், மாற்றிவிட்டு ஆசிரியரைத் தேடக் கூடாது. மாணவிகள் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதையும் வெற்றியின் அளவாக வைக்க வேண்டும். முக்கியமாக, பள்ளியின் புள்ளிக்காகப் பிள்ளைகளை ஒரு சான்றிதழில் தள்ளும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் இன்னொரு அமைச்சர் இன்னொரு மேடையில் ஏறி, இந்தப் பாடமும் சலிப்பு என்பார். கைதட்டவும் ஆள் இருக்கும். பதினாறு வயதில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் அந்த இரண்டு வருடம் திரும்ப வராது.