ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரு சொல்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டைப் புதைத்தன. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தார் முதல்வர். அதே சரிவில் உயிரோடு இருப்பவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயரோ 'ஆக்கிரமிப்பாளர்கள்'.

இந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிகளைப் பாருங்கள். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம், குடிசைக்கு 8,000 ரூபாய். வீடு என்றால் அது அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். பட்டா இல்லாதவருக்கு அந்தச் சான்று எங்கிருந்து வரும்? மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 3.50 லட்சம் தருகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அது ஊரகப் பகுதிக்கானது, அதற்கும் மனை வேண்டும். வ.உ.சி. நகரோ நகரத்துக்குள் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும்போது யாரும் பட்டாவைக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மலையின் இந்தப் பக்கம், அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையெங்கும் ஆசிரமங்களும் விடுதிகளும் முளைத்துவிட்டன. இங்கே மனை விலையைக் கேட்டுவிட்டு ஒரு கட்டிட வேலைக்காரரோ பூ விற்கும் பெண்ணோ என்ன செய்ய முடியும்? பாறைக்குக் கீழே வீடு கட்ட யாருக்கும் ஆசை கிடையாது. வேலை இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்கும் இடம் அதுதான்.

யாருக்கு மனை இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைச் சாதியைத் தொடாமல் பேச முடியாது. வ.உ.சி. நகரில் ஒரே சாதியார்தான் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நிலமில்லாமை எப்படி உருவானது என்று கேட்கிறேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அறிக்கை எழுதி, அதன்பேரில் 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? அவர்களை எந்த வருவாய்த் துறை அதிகாரியாவது 'ஆக்கிரமிப்பாளர்' என்று அழைத்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாரா?

மாற்று இடம் என்று அரசு சொல்லும்போதும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கூவம், அடையாறு கரையிலிருந்த குடும்பங்களை வெள்ள ஆபத்து என்று காரணம் சொல்லிப் பெயர்த்தார்கள். கொண்டுபோய் விட்ட இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். அது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம், அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போனவர்கள் பேருந்துக்கே பாதிக் கூலியைக் கொடுத்தார்கள், பல பிள்ளைகளின் படிப்பு நின்றது. திருவண்ணாமலையிலும் ஊருக்கு வெளியே எங்கோ அடுக்குமாடி கட்டிச் சாவியைக் கொடுத்தால் இதே கதைதான்.

அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மண் சரிந்து 12 நாளில், டிசம்பர் 13 அன்று, மகா தீபம். மலை தாங்குமா என்று பார்க்க நிலவியல் வல்லுநர் குழு உடனே மேலே ஏறியது. பக்தர்கள் ஏறத் தடை போட்டார்கள், கொப்பரையை மட்டும் பத்திரமாக உச்சிக்குக் கொண்டுபோய்த் தீபம் ஏற்றினார்கள். ஏற்றட்டும். அதே வல்லுநர்களை வைத்துச் சரிவில் எந்தெந்த வீடு ஆபத்தில் இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, பட்டியலை அந்த மக்கள் கையிலேயே கொடுக்கலாமே.

நாம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துப் பஞ்சமி நிலங்களின் புல எண்களையும் இப்போதைய அனுபவதாரர் பெயர்களையும் ஆட்சியர் அலுவலகம் வெளியிட வேண்டும். பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் ஊருக்கு வந்துபோகும் தூரத்தில் மனை ஒதுக்கி, பெண்கள் பெயரில் பட்டா கொடுக்க வேண்டும். பட்டா கைக்கு வந்து, வீடும் கட்டி முடிந்த பிறகுதான் மேலே இருக்கும் வீட்டைத் தொட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்.