பத்தாயிரம் பொறியாளர்களும் ஒரு பாத்திரம் வெந்நீரும்

2025 மார்ச்சில் நம் அரசாங்கம் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சில்லு வடிவமைப்புத் தொழில்நுட்பத்தைப் பெற 10 ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர். கூடவே 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. அதற்கு முந்தைய ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகத்தின் இலக்கு இன்னும் பெரியது: 60,000 பொறியாளர்கள்.

பொறியியல் மாணவனான எனக்கு இது நல்ல செய்திதான். ஆனால், ஒரு பொறியாளர் உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கேள்வி இப்போது என்னை விடுவதில்லை. காரணம், ஒரு பாத்திரம் தண்ணீர்.

ஆர்ம் வடிவமைப்பில் இயங்கும் சிறிய மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு தண்ணீரை 60 டிகிரி செல்சியஸில் நிறுத்த வேண்டும். இதுதான் எங்கள் குழுவின் வேலை. அதற்கான வழி பி.ஐ.டி. கட்டுப்பாடு. இப்போது இலக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பி பார்க்கும். இதுவரை சேர்ந்த பிழையை ஐ கூட்டிவைக்கும். பிழை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று டி கவனிக்கும். மூன்றின் கூட்டுத்தொகையே ஹீட்டருக்குப் போகும் கட்டளை. இருபது வரியில் நிரல் முடிந்துவிட்டது. தண்ணீரோ 71 டிகிரிக்குப் போனது.

முதல் குற்றவாளி ஐ. குளிர்ந்த நீர் சூடாகச் சில நிமிடங்கள் ஆகும். ஹீட்டர் ஏற்கெனவே 100 விழுக்காட்டில் எரிகிறது. அதற்கு மேல் அதனால் முடியாது. ஐ அதை அறியாமல் ஒவ்வொரு கணமும் பிழையைக் கூட்டிக்கொண்டே இருந்தது. 60ஐத் தொட்ட பிறகும் அந்தப் பழைய கணக்கு தீராததால் ஹீட்டர் அணையவில்லை. ஹீட்டர் உச்சத்தில் இருக்கும்போது கூட்டலை நிறுத்து என்று இரண்டு வரி சேர்த்தோம். சரியானது.

அடுத்தது டி. இதில்தான் ஒரு வாரம் போனது. கட்டளை காரணமில்லாமல் துள்ளியது. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. எங்கள் வெப்ப உணரி ஒரு புதிய அளவைத் தர 750 மில்லி விநாடி வரை எடுக்கும். நிரலோ 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டது. பல முறை ஒரே அளவு, பிறகு திடீரென ஒரு தாவல். டி அந்தத் தாவலைப் பார்த்து மிரண்டிருக்கிறது! விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டதும் அடங்கிவிட்டது. உணரியின் தகவல் ஏட்டில் அந்த 750 முதலிலிருந்தே இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

சில்லு வடிவமைப்பது வேறு, சில்லுக்கு நிரல் எழுதுவது வேறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடிகாரம், உணரி, நிரல் மூன்றும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று தெரியாதவர் எதை வடிவமைப்பார்? எங்கள் மதிப்பெண் பட்டியலில் 'இயங்கியதா' என்ற ஒரு கட்டம்தான் உண்டு. ஏன் இயங்கவில்லை என்று தேடிய மூன்று வாரத்துக்கு அதில் இடமில்லை. நண்பர்கள் சிலர் இணையத்தில் கிடைத்த எண்களை அப்படியே போட்டு, நீர் ஏறக்குறைய 60இல் நின்றதும் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்களைவிட அவர்களுக்கு அதிக மதிப்பெண்.

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆய்வுக்கூடத்தில் வாரம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. தண்ணீர் ஒருமுறை சூடாகி ஆறுவதற்குள் அதில் பாதி போய்விடும். 10,000 என்ற எண்ணைச் சான்றிதழ்களால் நிரப்புவது எளிது. ஆய்வுக்கூடக் கதவு மாலை ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருக்குமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

போன வாரம் ஒரு கோப்பை குளிர்ந்த நீரை உள்ளே ஊற்றிப் பார்த்தோம். 52க்கு இறங்கியது, நான்கு நிமிடத்தில் 60க்குத் திரும்பியது. அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.